ஒரு சாண் குழாய்

ஹோஸ் அக்கா என்றால் மலைச் சைக்கிள் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடை முதலாளியே கொஞ்சம் முழிப்பார். கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. அங்கே சுவரோரம் ஸ்டாண்டில் மாட்டிய வண்டியும், கழுத்தில் கட்டிய பழைய துணியும், வாயில் இரண்டு கேபிள் டையுமாக ஒரு பெண் நின்றால் அது அவள்தான். செயினும் பெடலும் மற்றவர்கள் பார்ப்பார்கள். ஆயில் பிரேக் வைத்த வண்டி வந்தால் நேராக அவளிடம் போகும்.

ஆயில் பிரேக் ஒன்றும் மாயமந்திரம் இல்லை. ஹேண்டில்பாரில் இருக்கிற லிவரை அழுத்தினால், ஹோஸ் என்கிற மெல்லிய குழாய்க்குள் இருக்கிற எண்ணெய் தள்ளிக்கொண்டு போய்ச் சக்கரத்தின் டிஸ்கைப் பிடிக்க வைக்கும். ஒரு விரல் போதும், வண்டி நின்றுவிடும். அந்தக் குழாயை எந்த வழியாக விடுவது, எந்த இடத்தில் கட்டுவது என்பதில் அப்படி என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இழுத்துக் கட்டினால் ஹேண்டில்பார் திரும்பும்போது குழாய் விறைத்து இழுக்கும். தளர்த்தி விட்டால் டயரில் உரசித் தேய்ந்து, என்றைக்கோ ஒரு நாள், அதுவும் இறக்கத்தில், பல்லைக் காட்டும். குழாயைக் கட்டுகிற பிளாஸ்டிக் டையைக் கொஞ்சம் ஜாஸ்தி இறுக்கினால் குழாயின் கழுத்தையே நெரித்த மாதிரி. அதனால் ஒவ்வொரு வண்டியிலும் வேலை முடிந்ததும் ஹேண்டில்பாரை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருப்புவாள். வண்டியைக் கீழே இறக்கி, சீட்டின்மேல் நெஞ்சைக் கொடுத்து அமுக்கி, ஷாக் அப்சார்பர் இறங்கும்போது குழாய் எங்கே வளைகிறது என்று அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். திருப்தி இல்லையென்றால் கட்டிய அத்தனையையும் அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வீட்டிலேயே குழாய் மாட்டிக்கொண்டு வருகிற மேதாவிகள் அவளிடம் சிக்கினால் தொலைந்தார்கள்.

"என்னண்ணே இது, இவ்வளவு பெரிய வளையம்? காக்கா வந்து உக்காரவா?"

"கொஞ்சம் எக்ஸ்ட்ரா இருக்கட்டுமேன்னு விட்டேன்க்கா."

"எக்ஸ்ட்ராவா! காட்டுல ஒரு கிளை இதுக்குள்ள மாட்டுச்சுன்னா வண்டி நின்னுடும், நீங்க நிக்க மாட்டீங்க. வெட்டுங்க முதல்ல."

இப்படி ஒரு நாள் வளையத்தோடு வந்து திட்டு வாங்கியவன்தான் அவளுடைய புருஷன். அடுத்த வாரம் வேறு ஏதோ சாக்கில் வந்தான், அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டான். திட்டு வாங்கியே கல்யாணம் வரைக்கும் வந்த ஆள் என்று முதலாளி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அவன் வேலை அச்சகத்தில், காகிதம் வெட்டுகிற மெஷினில். அதனால் அவனுக்குக் 'கட்டிங்' என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டுக் குடிகாரன் போலிருக்கிறது என்று நினைத்தவர்கள் உண்டு. பாவம், சொட்டு தொடமாட்டான். அவனுக்குப் போதையெல்லாம் ஊருக்குப் பின்னால் இருக்கிற மலைப் பாதைதான். லீவு நாளில் விடிந்ததும் விடியாததுமாக இரண்டு பேரும் சைக்கிளைக் கிளப்புவார்கள். ஏறும்போது அவள் முன்னால், இறங்கும்போது அவன் முன்னால். பிள்ளை குட்டி இல்லையே என்று மற்றவர்கள் கவலைப்பட்டார்களே தவிர, இவர்கள் பாட்டுக்குப் புழுதியும் சிராய்ப்புமாகத் திரும்பி வந்து ஒருத்தர் முழங்காலை ஒருத்தர் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது அந்த வெட்டுகிற மெஷின். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அதன் கத்தி இறங்கும். விரல் போய்விடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. ஒரு நாள் அவன் அழுத்துகிறான், கத்தி இறங்கவில்லை. மறுபடி அழுத்துகிறான், இறங்கவில்லை. மெஷின் ரிப்பேர் என்று ஆளைக் கூப்பிட்டார்கள். வந்த ஆள் அழுத்தினான், ஜம்மென்று இறங்கியது. பழுது மெஷினில் இல்லை, வலது கையில் இருந்தது. இடது கைக்கு ஒரு நொடி பின்தங்கி வந்தது அது. அப்புறம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, டம்ளர் நழுவியது, பேனா நழுவியது. கொஞ்ச நாளில் கை தோளிலிருந்து சும்மா தொங்க ஆரம்பித்தது.

டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"இது நரம்பு வியாதி. வலது கை திரும்ப வராது. இடது கையும் ஒரு நாள் போகும். மெதுவாப் போகும், எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

அவன் கேட்ட முதல் கேள்வி, "அதுவரைக்கும் சைக்கிள் ஓட்டலாமா டாக்டர்?"

"ஓட்டுங்க. ஆனா விழாதீங்க. விழுந்து இடது கையில கட்டுப் போட்டா, கட்டுப் பிரிக்கும்போது கை எந்திரிக்காது. இருக்கிற சதை போச்சுன்னா போச்சு."

அவன் தலையாட்டினான். காகிதம் வெட்டுகிறவனுக்கு அந்தப் பக்குவம் உண்டு. கத்தி இறங்கினது இறங்கினதுதான் என்று தெரிந்தவன். அவள்தான் ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதே, "இந்தம்மாவுக்கு என்ன தெரியும், வேற டாக்டர் பாப்போம்" என்று ஆரம்பித்தாள். வேறு டாக்டர் பார்த்தார்கள். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் நல்ல வார்த்தைகளில்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "ரெண்டு பிரேக்கையும் இடது பக்கம் போட்டுக் குடு. இருக்கிற வரைக்கும் ஓட்டிக்கிறேன்."

ஒரே லிவரில் இரண்டு குழாய்களையும் மாட்டுகிற மாதிரி ஒரு சாமான் உண்டு. முதலாளியே அலைந்து திரிந்து தருவித்துக் கொடுத்தார். முன் பிரேக் குழாய் ஏற்கெனவே இடது பக்கம்தான், அதில் தொந்தரவில்லை. பின் பிரேக் குழாய் வலது பக்கத்திலிருந்து வளைந்து வந்து ஃபிரேமுக்குள் போவது. அதை இடது பக்கம் கொண்டுவந்ததும் ஒரு சாண் மிச்சம் விழுந்தது.

வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் ஹோஸ் கட்டரை எடுத்து டக்கென்று நறுக்கிவிட்டுப் போயிருப்பாள். இந்த வண்டியில் அவளுக்குக் கை வரவில்லை.

"வெட்டு" என்றான் அவன், பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு.

"இருக்கட்டுங்க."

"எதுக்கு?"

"கை சரியானா திரும்ப வலது பக்கம் போடணும்ல. இப்ப வெட்டிட்டா அப்புறம் எட்டாது."

"அப்ப புதுக் குழாய் போட்டுக்கலாமே."

அவளுக்கு இது தெரியாதா? தலைக்கு மேலே அலமாரியில் சுருள் சுருளாகப் புதுக் குழாய் கிடக்கிறது. வேண்டுமென்றால் ஒரு துண்டு வெட்டி மாட்டினால் தீர்ந்தது விஷயம். தெரியும், எல்லாம் தெரியும். ஆனால் இன்றைக்கு வெட்டினால், அந்தக் கை திரும்ப வராது என்று டாக்டரம்மா சொன்னதற்கு அவளும் சேர்ந்து ஆமாம் போட்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு அவளால் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம், இதற்கு மேல் நோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது. மிச்சக் குழாயை ஒரு வளையமாகச் சுருட்டி, ஹேண்டில்பாரோடு சேர்த்து இரண்டு இடத்தில் டை போட்டுக் கட்டினாள்.

அவன் அதைப் பார்த்தான். "இந்த வளையம் எதுக்கு? காக்கா வந்து உக்காரவா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவள், தன் வீட்டு வண்டியில் வளையத்தைத் தொங்கவிட்டாள். கேட்டால் எனக்கே கோபம் வருகிறது. ஆனால் ஆசை யாரை விட்டது சொல்லுங்கள்.

அதற்கப்புறம் ஓட்டினார்கள். வலது கையை ஒரு பட்டையால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இடது கையால் மட்டும் அவன் ஓட்டினான். முதலில் தள்ளாடினான், பிறகு பழகிப்போனது. ஒரு விரல் லிவரில், மற்ற விரல்கள் பிடியில். வேகம் பாதியாகக் குறைந்திருந்தது, அதனால் என்ன, உச்சியில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கும்போது முகத்தில் பழைய களை அப்படியே இருந்தது. அச்சகத்தில் வேலை போய்விட்டது, வீட்டில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அந்த ஒரு காலைதான் அவனுக்கு வாரம் முழுவதும். அதை அவளிடம் சொல்லவும் செய்தான். "இது ஒண்ணு இருக்கிறதாலதான் மத்த நாளெல்லாம் ஓடுது."

மாலையில் அவள் அவனுடைய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணித்து விரல்களை மடக்கி விரிப்பாள்.

"பாத்தீங்களா, சுண்டு விரல் அசைஞ்சுச்சு!"

"அது நீ அசைச்சது."

"இல்லைங்க, தானா அசைஞ்சுச்சு."

"சரி, அசைஞ்சுச்சு" என்பான் அவன்.

ஒவ்வொரு முறை மலையிலிருந்து இறங்கி வந்ததும் வளையத்தின் டையைத் தொட்டுப் பார்ப்பாள். தளர்ந்திருந்தால் புதிதாகப் போடுவாள். இறுகக் கட்டியிருக்கிறோம், ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கடைக்கு வருகிறவர்கள் இதே வார்த்தையைச் சொன்னால் கடித்துக் குதறுகிறவள்.

மழை பிடித்து ஓய்ந்த ஒரு காலை. பாதையில் இரண்டு பக்கமும் புதர் நனைந்து சாய்ந்து கிடந்தது. ஒரு குறுகலான இறக்கத்தில் அவன் முன்னால், அவள் பின்னால். மெதுவாகத்தான் போனான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காய்ந்த கிளை, கட்டைவிரல் கனம்தான் இருக்கும், நேராக அந்த வளையத்துக்குள் நுழைந்தது. ஒரு டை அறுந்தது. இன்னொன்று அறுபடவில்லை. அவள் கட்டின டை அல்லவா, அறுபடுமா? ஹேண்டில்பார் ஒரே வெட்டாகத் திரும்பியது. வண்டி நின்றது, அவன் நிற்கவில்லை.

இடது கையை ஊன்றித்தான் விழுந்தான். ஊன்ற வேறு கை எங்கே இருக்கிறது?

அவள் ஓடிப்போய்ப் பார்க்கும்போது அவன் மண்ணில் உட்கார்ந்து தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்தவில்லை. வண்டி பக்கத்தில் கிடந்தது, கிளை இன்னும் வளையத்துக்குள்ளேயே சொருகி நின்றது. குழாய்க்கு ஒன்றுமே ஆகவில்லை, ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. அறுந்து தொலைந்திருந்தாலாவது ஹேண்டில்பாரை விட்டிருக்கும். நல்ல குழாய், நல்ல கட்டு. அவள் அந்தக் கிளையை உருவி எறிந்தாள். எறிந்ததை அவன் பார்த்தான்.

கட்டுப் போட்டார்கள். நாத்தனார், அதாவது அவனுடைய அக்கா, செய்தி கேட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"ஒரு கை போனவனை வண்டியில ஏத்தி விட்டிருக்கியே, உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? பிரேக் பிடிக்கலையாடா தம்பி?"

"பிரேக் நல்லாத்தான்க்கா பிடிச்சுது. கல்லு ஒண்ணு உருண்டுடுச்சு" என்றான் அவன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து.

அவள் சமையலறையில் தட்டைக் கழுவிக்கொண்டே அதைக் கேட்டாள். வெளியே வந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. ஏற்கெனவே கழுவின தட்டை மறுபடி கழுவினாள்.

கட்டுப் பிரித்த அன்று டாக்டரம்மா, "விரலை மடக்குங்க" என்றாள். அவன் மடக்கினான். அவன் மடக்கினான் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, நெற்றியெல்லாம் சுருங்கிப் பல்லைக் கடித்தான். விரல் அப்படியே இருந்தது. டாக்டரம்மா முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லிக்காட்டவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

அதற்கப்புறம் சோறு ஊட்டுவது, பல் தேய்த்து விடுவது, மூக்கு அரித்தால் சொறிந்து விடுவது எல்லாம் அவள். மதியம் கடையிலிருந்து ஓடிவந்து ஊட்டிவிட்டு ஓடுவாள். சைக்கிள் கூடத்துச் சுவரோரம், விழுந்த அன்று கொண்டுவந்து சாய்த்த இடத்திலேயே நின்றது. சேறு காய்ந்து தரையில் உதிர்ந்திருந்தது. வளையத்தின் ஒரு பக்கம் அறுந்து தொங்கியது.

ஒரு மத்தியானம் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள். எத்தனை நாள்தான் தொண்டையில் முள்ளை வைத்துக்கொண்டு திரிவது?

"அன்னைக்கே அதை வெட்டியிருந்தா நீங்க விழுந்திருக்க மாட்டீங்க, இல்ல?"

அவன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். "ஆமா" என்றான்.

அவள் எதிர்பார்த்தது அது இல்லை. அப்படியெல்லாம் இல்லம்மா, விதி, யார் என்ன பண்ண முடியும் என்று ஏதாவது சொல்வான் என்றுதான் கேட்டாள். கேட்கிறவர்கள் எல்லாரும் அதற்காகத்தானே கேட்கிறோம்.

"எப்படியும் இந்தக் கையும் போயிருக்கும்" என்றான் அவன். "ஆனா இப்ப போயிருக்காது. இந்த வெயில் காலம் முழுக்க ஓட்டியிருப்பேன். அதுக்கப்புறம்கூடக் கொஞ்சம் ஓட்டியிருக்கலாம்."

"இல்லைன்னு ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாமேங்க."

"அக்காகிட்டப் பொய் சொல்லலாம், அவளுக்குச் சைக்கிளைப் பத்தித் தெரியாது. உன்கிட்ட என்னன்னு சொல்றது? கிளை மாட்டும்னு ஊருக்கே சொல்றவ நீ." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "என்மேலயும் தப்பு இருக்கு. நான் அதட்டிச் சொல்லியிருந்தா வெட்டியிருப்பே. நீ அந்த வளையத்தைக் கட்டும்போது உன் மூஞ்சியைப் பாத்தேன். சொல்ல வாய் வரல. கூட ரெண்டு நாள் நம்பிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். மிச்சச் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"இப்ப வெட்டு" என்றான்.

"இனிமே யாருக்குங்க?"

"எனக்குத்தான். நாள் முழுக்க எதிர்ல நிக்குது. அதையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். அசிங்கமா இருக்கு."

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஆனாலும் அவள் எழுந்தாள். கடைக்குப் போய், அன்றைக்கு இனி வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஹோஸ் கட்டரும் எண்ணெயும் ஊசிக் குழலும் டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வண்டியைத் துடைத்துக் கூடத்து நடுவில் நிறுத்தினாள், அவன் நாற்காலிக்கு நேர் எதிரே. பழைய டைகளை அறுத்தாள். குழாயை லிவரிலிருந்து கழற்றி, ஹேண்டில்பாரோடு வைத்து அளந்து, நகத்தால் ஒரு குறி வைத்தாள். கட்டரை வைத்து அமுக்கினாள். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இத்தனை நாள் கை வராமல் இருந்தது இதற்குத்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வெட்டின துண்டைக் குப்பையில் போட்டாள்.

வெட்டின முனையில் புதுப் பித்தளைப் பூண் போட்டு, குழாயை லிவரில் சொருகி முறுக்கினாள். ஊசிக் குழலால் எண்ணெய் ஏற்றி, குழாய்க்குள் புகுந்த காற்றை எடுத்தாள். ஃபிரேம் நெடுக கிளிப் வைத்து, வேண்டிய இடத்தில் டை போட்டு, நுனிகளைக் கையில் கீறாதபடி ஒட்ட நறுக்கினாள்.

"ஹேண்டிலைத் திருப்பு" என்றான் அவன்.

அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருப்பினாள். சீட்டில் நெஞ்சைக் கொடுத்து அமுக்கினாள். குழாய் எங்கும் இழுக்கவில்லை, எங்கும் உரசவில்லை, ஒரு புல் மாட்டுவதற்குக்கூட இடமில்லை.

"இப்பதான் சரியா இருக்கு" என்றான்.

அவள் வண்டியை உருட்டி அவன் மடியருகே கொண்டுபோனாள். அவனுடைய இடது கையைத் தூக்கிப் பிடியில் வைத்து, ஆள்காட்டி விரலை லிவரின்மேல் வைத்தாள். ஒரு விரல் போதும் என்று எத்தனை பேரிடம் சொல்லி விற்ற பிரேக் அது. அவன் பல்லைக் கடித்தான். கை பிடியிலிருந்து நழுவிப் பொத்தென்று மடியில் விழுந்தது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான், முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்ற நினைப்புகூட இல்லாமல் அழுதாள். அவள் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் போல அவனுக்கு இருந்தது. தடவிக் கொடுக்கக் கை இல்லை. அவள் அழுது முடிக்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.